டேபிள் மவுண்டன்: அப்பாவோடு பிளாட்டெக்லிப் வழியாக ஏறலாமா?

கோவைக்காரன், ஜோகன்னஸ்பர்க்:
டிசம்பர் கடைசியில் குடும்பத்தோடு கேப்டவுன் வருகிறோம். அப்பாவுக்கு 62 வயது. கேபிள் காரில் போகலாம் என்றால், "வெள்ளியங்கிரி ஏறின காலுக்கு இதெல்லாம் ஒரு மலையா?" என்கிறார். பிளாட்டெக்லிப் வழி சுலபம் என்று ஆபீஸில் சொன்னார்கள். டிபனை முடித்துவிட்டு ஒன்பதரைக்கு ஏற ஆரம்பித்தால் சரியாக இருக்குமா?

மலையடிவாரம், கேப்டவுன்:
ஒன்பதரை வேண்டவே வேண்டாம் தம்பி. இந்த ஊரில் உச்சி வெயில் வடக்கிலிருந்து வரும். பிளாட்டெக்லிப் வடக்கைப் பார்த்த பள்ளம். பத்து மணிக்கு மேல் பாறையில் கை வைத்தால் சுடும், நிழல் என்று பேருக்கு நாலு புதர். டிசம்பரில் ஐந்தரைக்கே விடிந்துவிடும். ஆறு மணிக்கெல்லாம் டாஃபெல்பெர்க் சாலையில் காரை நிறுத்திவிடுங்கள்.

சுலபம் என்பது ஆபீஸ் பேச்சு. வழி தவறாது, அவ்வளவுதான். சுமார் மூன்று கிலோமீட்டருக்குள் 600 மீட்டருக்கு மேல் ஏற்றம். கற்படி ஒன்று முழங்கால் உயரம், அடுத்தது அரை அடி. அதன்மேல் பொடி மணல் வேறு. செருப்போடு வருபவர்கள் வழுக்குவது அங்கேதான். அப்பாவுக்கு மூச்சைவிட மூட்டுதான் படுத்தும், அதுவும் இறங்கும்போது. அதனால் நடந்து ஏறுங்கள், கேபிள் காரில் இறங்குங்கள். மேலே போனதும் வலப்பக்கம் திரும்பினால் கால் மணி நேரத்தில் நிலையம். ஆனால் தென்கிழக்குக் காற்று வேகமெடுத்தால் வண்டியை நிறுத்திவிடுவார்கள். கிளம்புமுன் பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டர். ஓடையை நம்ப வேண்டாம்.

டர்பன் அக்கா:
கூட்டமாகப் போங்கள், மலைவழிகளில் வழிப்பறி நடப்பதுண்டு. அப்புறம், இந்தியா வென்ஸ்டர் என்று இன்னொரு வழி இருக்கிறது. நம்ம ஊர்ப் பெயராச்சே என்று அந்தப் பக்கம் திரும்பிவிடாதீர்கள். சங்கிலியைப் பிடித்துத் தொற்றி ஏற வேண்டும்.

கோவைக்காரன்:
அப்பாவிடம் படித்துக் காட்டினேன். "அப்போ ஐந்து மணிக்கே காபி" என்று உத்தரவு! அம்மாவை மட்டும் கேபிள் காரில் வரச் சொல்லி மேலே சந்திக்கலாமா?

மலையடிவாரம்:
தாராளமாக. டிசம்பரில் வரிசை நீளம், டிக்கெட்டை முன்னாடியே ஆன்லைனில் எடுத்துவிடுங்கள். கோடையிலும் மேலே காற்று சிலுசிலுவென்று இருக்கும். அப்பாவின் ஸ்வெட்டரை அம்மா கையில் கொடுத்து அனுப்புங்கள். மேலே சங்கு ஊதினால் காற்று மாறுகிறது, வண்டி நிற்கப்போகிறது என்று அர்த்தம். போட்டோவெல்லாம் அப்புறம், எல்லோரும் நேரே நிலையத்துக்கு வந்துவிட வேண்டும்.