சானா ரூம் கதவு பிடிக்குது, அவசரம், யாராச்சும் சொல்லுங்க

மார்த்தாண்டம்_ஜூனியர் | திங்கள், இரவு 9.40
மாடியில சானா ரூம், அதான் சூட்டுல உக்காந்து வேர்க்குற ரூம், கட்டியாச்சு. கதவுதான் சொதப்பிட்டு. நல்ல மரம், நல்ல ஆசாரி, கூலியும் கொறச்சு குடுக்கல. நாலு தடவதான் ஹீட்டர் போட்டோம், அதுக்குள்ள வளைஞ்சு பிடிக்குது. ஞாயிற்றுக்கிழம அண்ணனுக்க கூட்டுக்காரங்க வாறாங்க. இழைச்சு விட்டா போதுமா? சீக்கிரம் சொல்லுங்க.

கருங்கல்_பய | இரவு 9.52
மக்கா, மே மாசம் மொட்டமாடியில பத்து நிமிசம் நின்னா அதான் சானா. இதுக்கு கதவு வேறயா?

தக்கலை_உளி | இரவு 10.05
நல்ல மரம்னா என்ன மரம்? கனம் எவ்வளவு? ஒரே பலகையா, சட்டம் அடிச்சு பேனல் போட்டதா? சூடா இருக்கும்போ பிடிக்குதா, ஆறினதுக்கு அப்புறம் பிடிக்குதா? இதெல்லாம் சொல்லாம இழைக்கட்டுமான்னு கேட்டா நான் என்னத்த சொல்ல.

கோட்டாறு_எஞ்சினியர் | இரவு 10.31
கேள்வி கேட்பதற்கும் ஒரு முறை உண்டு. முதலில், உங்களிடம் இருப்பது சானாவா, ஸ்டீம் ரூமா? இரண்டும் ஒன்று என்று இங்கே பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சானாவில் கல்லைச் சூடாக்குவார்கள், காற்று வறண்டிருக்கும், வெப்பம் 80, 90 டிகிரி. ஸ்டீம் ரூமில் 45 டிகிரி இருந்தாலே அதிகம், ஆனால் சுவரெல்லாம் தண்ணீர் வடியும். கதவின் கதை இரண்டிலும் வேறு. அடிப்படை தெரியாமல் கட்டிவிட்டு அவசரம் என்றால் யார் என்ன செய்வது?

விளவங்கோடு_விஜயன் | இரவு 10.44
விஜாகிரி, அதான் கதவு கீல், எத்தன? ரெண்டுதானே? மூணா போடு, செரியாவும். எனக்க மாமா வீட்டு கதவும் இப்படித்தான் இருந்துது.

குளச்சல்_காத்து | இரவு 11.10
மரம் எந்த பிறையில வெட்டினதுன்னு பாருங்க. வளர்பிறையில வெட்டின மரம் வளையும், புழுவும் பிடிக்கும்னு பழைய ஆளுங்க சொல்லுவாங்க. எங்க தாத்தா தேய்பிறை பாக்காம ஒரு மூங்கில்கூட வெட்ட மாட்டாரு.

மார்த்தாண்டம்_ஜூனியர் | செவ்வாய், காலை 7.15
ஸாரி, தூங்கிட்டேன். சானாதான். கல்லு வச்ச 6 கிலோவாட் ஹீட்டர், ரூம் ஏழுக்கு ஆறு அடி, 85 வர போடுவோம். மரம் தேக்கு. நம்ம விளையில நின்னது, ஏப்ரல்ல வெட்டி ஜூன்ல குலசேகரத்துல அறுத்தோம். ஒண்ணர இஞ்சு பலக அஞ்சு, பசை போட்டு ஒட்டி ஒரே பாளமா செஞ்சது. வெளிப்பக்கம் மட்டும் பாலிஷ். கீழ சூடு போவாம இருக்க ரப்பர் பீடிங். சூடாவும்போ மேல் மூல உள்ள வளைஞ்சு வெளிச்சம் தெரியும், கீழ் மூல டைல்ஸ்ல உரசும். தேய்பிறையான்னு தெரியாது அண்ணாச்சி.

தக்கலை_உளி | காலை 7.40
ஏப்ரல்ல வெட்டின தேக்க ஜூன்ல அறுத்து கதவா? அதும் இடவப்பாதி மழையில? ஆசாரிய குத்தம் சொல்லாதீங்க, பச்ச மரத்த குடுத்தது நீங்க. இஞ்சுக்கு ஒரு வருசம் நிழல்ல அடுக்கி வைக்கணும், பலகைக்கும் பலகைக்கும் நடுவுல ரீப்பர், அதான் மெல்லிய மரச்சட்டம், வச்சு காத்து போற மாதிரி. இத இழைச்சா இன்னும் பத்து நாள்ல திரும்ப பிடிக்கும்.

கோட்டாறு_எஞ்சினியர் | காலை 8.20
இதைத்தான் எதிர்பார்த்தேன். தேக்கு பச்சையிலிருந்து முழுக்கக் காய்ந்தால் வளைய வாக்கில் (மரத்தின் வளையங்களை ஒட்டி) ஏறத்தாழ 5.8 சதவீதமும், ஆர வாக்கில் (நடுவிலிருந்து பட்டை நோக்கி) 2.5 சதவீதமும் சுருங்கும். நீள வாக்கில் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. கதவு அகலம் 75 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், பலகை அறுத்த வாக்கைப் பொறுத்து இரண்டிலிருந்து நான்கு செ.மீ. வரை போகலாம். இதில் உட்புறம் 85 டிகிரியில் காய்கிறது, வெளிப்புறம் பாலிஷ் போட்டு நம் ஊர் ஈரக்காற்றில் நிற்கிறது. ஒரு முகம் சுருங்கி மறுமுகம் சுருங்கவில்லை என்றால் பலகை எந்தப் பக்கம் வளையும் என்பதைப் பள்ளிப் பிள்ளையே சொல்லும்.

கருங்கல்_பய | காலை 8.26
எனக்க மவன் ஏழாங்கிளாஸ், கேட்டுட்டேன், தெரியாதுன்னான்.

இரணியல்_டு_தாம்பெரே | காலை 11.02
தம்பி, கதவு உள்ள திறக்குமா வெளிய திறக்குமா? உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கா?

மார்த்தாண்டம்_ஜூனியர் | காலை 11.20
உள்ளதான் அக்கா, நம்ம வீட்டு கதவெல்லாம் அப்படித்தானே. தாழ்ப்பாளும் இருக்கு, பித்தள. கைப்பிடியும் பித்தளதான். போன வாரம் அண்ணனுக்கு உள்ளங்கையில கோடு மாதிரி பொள்ளிட்டு.

இரணியல்_டு_தாம்பெரே | காலை 11.34
வளைவ விடு. அந்த தாழ்ப்பாள இன்னைக்கே கழட்டு. கதவு மாறுற வர யாரும் உள்ள போவாண்டாம்.

நான் இங்க பின்லாந்துல, தாம்பெரே ஊர்ல எட்டு வருசமா இருக்கேன். அபார்ட்மென்டுக்கு பொதுவா ஒரு சானா உண்டு, எங்களுக்கு வெள்ளிக்கிழம ஏழு மணி. அந்த கதவுல பூட்டு, கொண்டி ஒண்ணும் கிடையாது. மேல ஒரு சின்ன உருள, அதுல தட்டி நிக்கும், தோளால தள்ளினா வெளிய திறந்திரும். ஒருத்தருக்கு தலசுத்தி கதவுப்பக்கம் விழுந்தா, உள்ள திறக்குற கதவ வெளியில நிக்குற ஆளாலயும் திறக்க முடியாது. ஒனக்கு அதுல உரசல் வேற. கைப்பிடி ரெண்டு பக்கமும் மரம், ஸ்குரூ தல கைக்கு படாம உள்ள இறக்கி மர ஆப்பு வச்சு மூடியிருப்பாங்க. கதவுக்கு கீழ என் சுண்டுவிரல் நுழையுற இடைவெளி. மூச்சுக்கு காத்து வரணும்ல. நீ அங்க ரப்பர் ஒட்டி வச்சிருக்க.

விளவங்கோடு_விஜயன் | மதியம் 12.15
அப்போ மூணு விஜாகிரி?

தக்கலை_உளி | மதியம் 12.50
அக்கா சொன்னதுதான் முதல் வேல. கதவ பொறுத்தவர, பழைய ஆசாரிமார் செஞ்ச மாதிரி செய்யுங்க. சுத்தி சட்டம், அதுல பள்ளம் எடுத்து பலகைய உள்ள சொருகணும். பள்ளத்துல பசை போடக்கூடாது. பலக சுருங்கும், விரியும், சட்டம் அசையாது. பத்மநாபபுரம் அரண்மனை கதவ போய் பாருங்க, எத்தன நூறு வருசம்.

கோட்டாறு_எஞ்சினியர் | மதியம் 1.05
அரண்மனையில் யாரும் 6 கிலோவாட் ஹீட்டர் வைக்கவில்லை.

தக்கலை_உளி | மதியம் 1.09
சார், நான் இணைப்ப சொன்னேன், ஹீட்டர சொல்லல.

குளச்சல்_காத்து | மதியம் 1.30
அந்த அரண்மனையே நம்ம கையில இல்ல. 1956ல நம்ம கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டுக்கு வந்துச்சு, அரண்மனை மட்டும் இன்னும் கேரளா தொல்லியல் துறைகிட்ட. டிக்கெட் காசு அங்க போவுது.

விளவங்கோடு_விஜயன் | மதியம் 1.41
அவங்க பாத்துக்கிட்டதாலதான் இன்னும் நிக்குது அண்ணாச்சி. நம்மட்ட இருந்தா அந்த கதவ ஏலம் போட்டிருப்போம்.

குளச்சல்_காத்து | மதியம் 1.44
ஓய், என்ன பேச்சு பேசுறீரு? எடம் தமிழ்நாடு, ரோடு தமிழ்நாடு, அரண்மனை மட்டும் அவங்களுக்கா?

(இதே விசயத்துல இன்னும் 14 பதில்கள்)

கருங்கல்_பய | மாலை 5.20
அரண்மனைய மீட்டுட்டு வந்து அந்த கதவ இந்த பயலுக்க மாடியில மாட்டிருவோம். இப்ப கதவுக்கு வாங்க.

தூத்துக்குடியில இருந்து வாற பேக்கிங் பைன் பலக, அதான் சரக்குப் பெட்டி பிரிச்ச பலக, சல்லிசா கிடைக்கும். வெளிநாட்டுல சானாவே பைன்லதான்னு ஒரு வீடியோவுல பாத்தேன்.

இரணியல்_டு_தாம்பெரே | மாலை 6.10
கணு இல்லாத, பிசின் குறைஞ்ச மரமா பாத்து எடுப்பாங்க. ஸ்ப்ரூஸ், ஆஸ்பென், ஆல்டர். பேக்கிங் பைன்ல கணு இருக்கும், சூட்டுல பிசின் இளகி சொட்டும். பேக்கிங் மரத்துல முத்திரை வேற பாக்கணும். ஹெச்.டி.ன்னா சூடு காட்டினது, எம்.பி.ன்னா மெத்தில் புரோமைடு புகை போட்டது. புகை போட்ட பலகைய வச்சு மூடின ரூமுல 85 டிகிரியில உக்காருவியா?

கோட்டாறு_எஞ்சினியர் | மாலை 6.40
கடைசியாக ஒருமுறை சொல்கிறேன். மெல்லிய சட்டக்கூடு, நடுவே ராக்வுல் (சூடு கடத்தாத கல் இழைப் பஞ்சு), சூடான பக்கம் அலுமினியத் தாள், இருபுறமும் அரை இஞ்சு நாக்குப் பள்ளப் பலகை (ஒன்றின் நாக்கு அடுத்ததன் பள்ளத்தில் சொருகுவது). பலகைகளைத் தனித்தனியாக அடிக்க வேண்டும், ஒன்றோடொன்று ஒட்டக் கூடாது. சாதாரண வெள்ளைப் பசை இந்தச் சூட்டில் இளகும். உட்புறம் வார்னிஷ் கூடவே கூடாது, நாற்றம் தலைக்கேறும். எடை குறைவு, வளைவு குறைவு. உருப்படியான தேக்கு பாக்கியிருந்தால் சட்டத்துக்கு வையுங்கள், ஆனால் காய்ந்த பிறகு.

தக்கலை_உளி | மாலை 6.52
இது கொள்ளாம். நாக்கு பள்ளத்துக்கு நல்லா காஞ்ச மலைவேம்பு பாருங்க, கனம் இல்லாத மரம், கைக்கும் அவ்வளவா சுடாது. நிலைக்கும் கதவுக்கும் நடுவுல சுத்திலும் அஞ்சு மில்லி விடுங்க, கூட இருந்தாலும் தப்பில்ல. இறுக்கமா செய்யாதீங்க.

விளவங்கோடு_விஜயன் | மாலை 7.00
6 கிலோவாட்ட சிங்கிள் பேஸ்லயா ஓட்டுறீங்க? 26 ஆம்பியர் வருமே.

இரணியல்_டு_தாம்பெரே | புதன், காலை 10.15
தம்பி, தாழ்ப்பாள கழட்டினியா?

இரணியல்_டு_தாம்பெரே | சனி, காலை 9.30
நாளைக்கு ஆள் வருதுன்னு சொன்ன. கழட்டினியா இல்லையா, ஒரு வார்த்த போடு.

மார்த்தாண்டம்_ஜூனியர் | 26 நாள் கழித்து, இரவு 10.12
எல்லாருக்கும் நன்றி. தாழ்ப்பாள் அன்னைக்கே போச்சு அக்கா, ஞாயிற்றுக்கிழம ஹீட்டர் போடல, பொரிச்ச மீனும் கப்பையும் குடுத்து அனுப்பியாச்சு. புது கதவு மாட்டியாச்சு, வெளிய திறக்கும். எங்கயும் பிடிக்கல.

தக்கலை_உளி | இரவு 10.20
என்ன மரம்? ராக்வுல் போட்டதா, பேனலா? போட்டோ போடுங்க.

கோட்டாறு_எஞ்சினியர் | இரவு 10.48
மீண்டும் விவரமில்லாத பதிவு.

கருங்கல்_பய | மறுநாள், காலை 6.30
மக்கா, பழைய கதவு சும்மாதானே கிடக்கு? எனக்க ஆட்டுக்கூட்டுக்கு ஒரு கதவு வேணும். வளைஞ்சிருந்தா பரவாயில்ல, தாழ்ப்பாளும் சேத்து தா.