புதுப்பிப்பு: ரைசன் 5 7600-ஆ, கோர் ஐ5-13400-ஆ? வாங்கிவிட்டேன்

கும்பகோணத்தில் கல்யாண வீடியோ எடிட்டிங்குக்கும், வேலை முடிந்து கேம் ஆடவும் ஏஎம்டியின் ரைசன் 5 7600, இன்டெல்லின் கோர் ஐ5-13400 என்ற இந்த இரண்டு ப்ராசஸர்களில் எது சரி என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

ஐ5-13400 வாங்கினேன். தீர்மானிக்க உதவியது ஒரு நண்பரின் கேள்விதான்: "கேமரா எந்த ஃபார்மட்டில் பதிகிறது?" என்னுடையது 10 பிட் 4:2:2 ஹெச்இவிசி (நிற விவரங்களை அதிகமாகப் பதியும், சுருக்கப்பட்ட வீடியோ வகை). இன்டெல்லின் உள் கிராஃபிக்ஸில் இருக்கும் குவிக் சிங்க் என்ற வீடியோ பகுதி இதை ஹார்டுவேரிலேயே டிகோட் செய்யும், அதாவது சுருக்கிய வீடியோவை விரித்துக் காட்டும். 7600-க்குள் இருக்கும் கிராஃபிக்ஸால் முடியாது, என் ஆர்டிஎக்ஸ் 3060 கிராஃபிக்ஸ் கார்டாலும் முடியாது. இப்போது முகூர்த்தக் காட்சிகள் ப்ராக்ஸி (எடிட்டிங்குக்காகச் செய்யும் லேசான நகல்) இல்லாமலே டைம்லைனில் திக்காமல் ஓடுகின்றன. கடையில் முதலில் காட்டியது 13400எஃப். விலை குறைவுதான், ஆனால் அதில் உள் கிராஃபிக்ஸே கிடையாது, குவிக் சிங்கும் இல்லை. பார்த்து வாங்குங்கள்.

எதிர்பாராத ஒன்று: 3060 கார்டைப் போட்டதும் உள் கிராஃபிக்ஸ் தானாக அணைந்துவிட்டது. பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை செட்டிங்ஸ்) 'ஐஜிபியு மல்ட்டி மானிட்டர்' என்பதை ஆன் செய்த பிறகே குவிக் சிங்க் வந்தது.

அப்புறம், பழைய டிடிஆர்4 ராமையே இதில் பயன்படுத்த முடிந்தது; 7600-க்கு டிடிஆர்5 கட்டாயம். ஆனால் 13400 பொருந்தும் எல்ஜிஏ 1700 சாக்கெட் இன்டெல்லின் 14-ஆம் தலைமுறையோடு முடிகிறது. கேம் மட்டுமே ஆடுபவர்கள், பின்னால் ப்ராசஸர் மாற்ற நினைத்தால், 7600 பொருந்தும் ஏஎம்5 சாக்கெட் பக்கம் போவதே நல்லது.