டர்போ பொருத்திய லாரி இன்ஜினுக்கு எந்தக் கேம் ஷாஃப்டைப் போடுவது?

மன்னார்குடி லாரிக்காரர்:

எங்களிடம் டர்போ (வெளியேறும் புகையால் சுழன்று காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் கருவி) பொருத்திய, ஆறு சிலிண்டர் டீசல் இன்ஜின் கொண்ட பழைய லாரி ஒன்று இருக்கிறது. சம்பா அறுவடைக் காலத்தில் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் நாற்பது கிலோ மூட்டைகளை ஏற்றி, கிடங்குகளுக்கும் நீடாமங்கலம் ரயில் நிலையத்துக்கும் கொண்டு சேர்ப்பதே அதன் வேலை. சென்ற மாதம் கரும்புகை அதிகமாகி இழுவையும் குறைந்துபோனதால் இன்ஜினைப் பிரித்தோம். வால்வுகளைத் திறக்கவைக்கும் கேம் ஷாஃப்டில், நான்காவது சிலிண்டரின் எக்ஸாஸ்ட் (புகை வெளியேறும்) வால்வைத் தள்ளும் புடைப்பான எக்ஸாஸ்ட் லோப், உச்சியில் பொரிந்துபோயிருந்தது; நகத்தால் வருடினால் நகம் மாட்டுகிறது. அதன்மேல் ஓடி, அசைவை வால்வுக்குக் கடத்தும் டேப்பெட்டின் அடிப்பக்கம் கிண்ணம் போலக் குழிந்திருக்கிறது.

லேத் பட்டறைக்காரர் ஒருவர், இதே கேமைச் சாணை பிடித்து, வால்வுகள் கூடுதல் நேரம் திறந்திருக்கும்படி லோப்களின் வடிவத்தை மாற்றித் தருவதாகச் சொல்கிறார். அப்படிச் செய்தால் டர்போ இன்னும் நன்றாக இழுக்குமாம். வளைகுடாவில் இருக்கும் என் மைத்துனரும், அங்கே பிக்கப் வண்டிகளுக்குப் பெரிய கேம்தான் போடுகிறார்கள் என்கிறார். மூல அளவிலேயே புதியது வாங்குவதா, அல்லது இதைச் செய்து பார்ப்பதா?

கும்பகோணம் பட்டறை:

பெரிய கேம் உங்கள் வண்டிக்கு வேண்டாம். எக்ஸாஸ்ட் வால்வு முழுதாக மூடுவதற்கு முன்பே, காற்று உள்ளே வரும் இன்டேக் வால்வு திறக்கத் தொடங்கிவிடும். இரண்டும் ஒருசேரத் திறந்திருக்கும் அந்தச் சிறு பொழுதைத்தான் ஓவர்லேப் என்கிறோம்; பெரிய கேமில் இது கூடும். டர்போ இல்லாமல் வேகமாகச் சுழலும் இன்ஜினில், வெளியேறும் புகையின் வேகமே புதிய காற்றை உள்ளே இழுத்துக்கொள்வதால் ஓவர்லேப் அதிகம் இருப்பது நல்லது. டர்போ இன்ஜினில் புகை போகும் வழியில் டர்பைன் சக்கரம் குறுக்கே நிற்கிறது. பாரத்தில் ஓடும்போது, அதிலும் பழைய டர்போக்களில், அந்தப் பக்கத்து அழுத்தம் உள்ளே வரும் காற்றின் அழுத்தத்தையும் மிஞ்சிவிடுவது உண்டு. வயலைவிட வாய்க்காலில் மட்டம் தாழ்ந்திருக்கும்போது மடையைத் திறந்தால் வயல் தண்ணீர் வாய்க்காலுக்குத்தானே திரும்பும்? அதேபோலப் புகை இன்டேக்குக்குள் திரும்பி, புதிய காற்று வரவேண்டிய இடத்தை அடைத்துக்கொள்ளும்.

இன்டேக் வால்வு மூடும் நேரத்தையும் பாருங்கள். பிஸ்டன் மேலேறத் தொடங்கிய பின்பும் அது வெகுநேரம் திறந்திருந்தால், குறைந்த சுற்றில் உள்ளே வந்த காற்றில் ஒரு பகுதி வெளியே தள்ளப்படும். கம்ப்ரஷன் குறையும், மார்கழிக் காலையில் ஸ்டார்ட் ஆவதே சிரமமாகும். நம் பகுதியில் மேடு கிடையாது. ஆனால் களத்து மேட்டிலிருந்து முழு லோடுடன், ஈரக் களிமண்ணில் முதல் கியரில் வண்டியை ஏற்ற வேண்டியிருக்கிறது. டர்போ விழிப்பதற்கு முன்பு, நிமிடத்துக்கு ஆயிரத்துச் சொச்சம் சுற்றிலேயே உங்களுக்கு இழுவை தேவை. அதைப் பறிகொடுத்துவிட்டு, இன்ஜின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் அனுமதிக்காத சுற்றில் பலம் தேடுவதில் பொருள் இல்லை. மேலும், டீசல் பிஸ்டன் உச்சிக்கு வரும்போது ஹெட்டுக்கும் அதற்கும் நடுவே உள்ள இடைவெளி மிகக் குறைவு. அந்த நேரத்தில் வால்வு கூடுதலாகத் திறந்திருந்தால் பிஸ்டன் தட்டி வால்வு வளைந்துவிடும்.

திருவாரூர்க்காரர், மஸ்கட்டிலிருந்து:

உங்கள் மைத்துனர் பார்த்தவை பெட்ரோல் வி8 பிக்கப்புகளாக இருக்கும். நான் அவற்றில்தான் வேலை செய்கிறேன். அவை ஆறாயிரம் சுற்றைத் தொடுபவை. அவற்றிலும் டர்போவோ சூப்பர்சார்ஜரோ வைத்தால், இன்டேக் லோப் உச்சிக்கும் எக்ஸாஸ்ட் லோப் உச்சிக்கும் இடையிலான கோணத்தைப் பெரும்பாலும் 112 முதல் 116 டிகிரி வரை அகலமாக வைப்பார்கள். கோணம் அகன்றால் ஓவர்லேப் சுருங்கும். ஐடிலிங்கில் குலுங்கிக் குலுங்கி ஓடும் கேம்களுக்கு இந்தக் கோணம் 106, 108 என்று குறுகலாக இருக்கும். கேட்க அழகாக இருப்பதால் பலர் அதில் மயங்கிவிடுகிறார்கள்.

டர்போவுக்கும் சூப்பர்சார்ஜருக்கும் ஒரு வேறுபாடு உண்டு. பெல்ட்டில் ஓடும் சூப்பர்சார்ஜரில் புகைவழி அடைபடாததால், ஓவர்லேப் அதிகமானால் அழுத்திய காற்று நேராகச் சைலன்சருக்குப் போய் வீணாகும். ஆனால் வெளியேற்ற வேண்டிய புகை மிகுதி என்பதால் எக்ஸாஸ்ட் வால்வுக்கு மட்டும் சில டிகிரிகள் கூடுதலாகக் கொடுப்பார்கள். டர்போவுக்கு அந்தக் கூடுதலையும் பெரும்பாலும் குறைத்துவிடுவோம்.

மன்னார்குடி லாரிக்காரர்:

விளக்கத்துக்கு நன்றி. வடிவத்தை மாற்றாமல், பழைய அளவுக்கே சாணை பிடித்தால் போதாதா? புதிய கேமின் விலை சற்றுக் கனக்கிறது.

கும்பகோணம் பட்டறை:

லேசான தேய்மானமாக இருந்தால் போதும் என்பேன். நகம் மாட்டும் அளவுக்குப் பொரிந்ததைச் சரிசெய்ய ஆழமாகச் சீவ வேண்டும். லோபின் மேற்பரப்பில் மட்டும் ஏற்றியிருக்கும் கடினத்தன்மை அதில் போய்விட்டால், அடுத்த அறுவடைக்குள் மறுபடியும் தேயும். சீவிய அளவுக்கு லோபின் அடிவட்டமும் (புடைப்பு இல்லாத வட்டப் பகுதி) சிறுத்து, டேப்பெட் கீழே இறங்கிவிடும். அதை ஈடுசெய்ய வால்வை அழுத்தும் ராக்கரின் திருகில் இடமிருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருக்கும்.

எதை வாங்கினாலும் பன்னிரண்டு டேப்பெட்டுகளையும் புதிதாகப் போடுங்கள். குழிந்த பழைய டேப்பெட் தன்னைத் தானே சுற்றிக்கொண்டு ஓடாது. புதிய லோபை ஒரே இடத்தில் தேய்த்துத் தின்றுவிடும். பூட்டும்போது லோப்களில் அசெம்பிளி பேஸ்ட் தடவி, ஸ்டார்ட் ஆனதும் ஐடிலிங்கில் விடாமல், ஏறத்தாழ 1,500 சுற்றுக்கு மேல் இருபது நிமிடம் ஓட்டுங்கள். குறைந்த சுற்றில் லோப்களுக்குத் தெறிக்கும் ஆயில் போதாது. அதன் பிறகு ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள். இழுவை திரும்பியதா என்று ஒரு லோடு அடித்துப் பார்க்கும்வரை இன்ஜினுக்கு டீசலைச் செலுத்தும் பம்பில் யாரையும் கைவைக்க விடாதீர்கள்.

மன்னார்குடி லாரிக்காரர்:

மூல அளவிலேயே புதிய கேமும் பன்னிரண்டு டேப்பெட்டுகளும் திருச்சியில் சொல்லிவிட்டேன். டேப்பெட் இடைவெளியை (ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவே விடும் இடம்) மறுபடியும் எப்போது பார்க்க வேண்டும்?

கும்பகோணம் பட்டறை:

ஐந்நூறு கிலோமீட்டர் ஓடியதும் ஒரு முறை பாருங்கள். இன்ஜின் சூடாக இருக்கும்போதா, ஆறிய பிறகா என்பதை உங்கள் இன்ஜினின் கையேட்டில் உள்ளபடியே செய்யுங்கள்.