பத்தமடைப் பாயில் பெயர் எழுதி அழியும் காட்சி: ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் வீடியோ மென்பொருளில் எப்படிச் செய்வது?

பேட்டை எடிட்டர்:
அண்ணாச்சிமாருக்கு வணக்கம். கல்யாண வீடியோ ஒன்று கையில் இருக்கிறது. பெண் வீட்டார் பத்தமடையில் மணமக்கள் பெயர் போட்டுப் பட்டுப்பாய் நெய்து வாங்கியிருக்கிறார்கள். வெறும் பாய் ஒன்றின் ஷாட் மேல் பெயர் பிரஷால் எழுதியதுபோல் வரவேண்டும். பாட்டு முடியும்போது துடைத்ததுபோல் அழியவேண்டும். டெக்ஸ்ட் லேயரில் பிரஷ் டூல் வேலை செய்யவே மாட்டேன் என்கிறது. மாப்பிள்ளை பெயர் வேறு 'இ'யில் தொடங்குகிறது, சுழிக்குள் சுழி.

பாளை ஸ்டுடியோ:
தம்பி, டெக்ஸ்ட் லேயரில் பிரஷ் ஓடாது. அதை ப்ரீகாம்ப் ஆக்கி (தனி காம்பொசிஷனுக்குள் அடைத்து) ஒரு நகல் எடு. நகலை ஆல்ட் அழுத்தி டபுள் கிளிக் செய்தால் லேயர் பேனலில் திறக்கும். பெயின்ட் பேனலில் டூரேஷனை 'ரைட் ஆன்' ஆக்கு; கோடு வரைந்தபடியே கொஞ்சம் கொஞ்சமாகத் தோன்றும். எழுத்தைவிடக் கொஞ்சம் தடித்த பிரஷால், பேனா போகிற வழியிலேயே வரை. முடிந்ததும் 'பெயின்ட் ஆன் டிரான்ஸ்பரன்ட்'டை ஆன் செய்து (பிரஷ் கோடு மட்டும் நிற்கும்), அந்த நகலை டெக்ஸ்டுக்கு ஆல்ஃபா மேட்டாகக் கொடு; கோடு போன இடத்தில் மட்டும் எழுத்து தெரியும். உன் கை போன வேகத்தில் பெயர் எழுதப்படும். வேகம் சரியில்லையா, ஸ்ட்ரோக் ஆப்ஷன்ஸில் 'எண்ட்' கீஃப்ரேமை (கோடு முடியும் நேரத்தைக் குறிக்கும் புள்ளி) நகர்த்து.

'இ'யில் கோடுகள் நெருங்கும் இடத்தில் தடித்த பிரஷ் பக்கத்துச் சுழியையும் முன்னாலேயே காட்டிவிடும். மாஸ்க் போட்டு எழுத்தைத் துண்டாக்கி, துண்டுக்கு ஒரு பிரஷ் கோடு போடு.

அழிக்க எரேசரை எடுத்து 'பெயின்ட் ஒன்லி', ரைட் ஆன் வை. 'லாஸ்ட் ஸ்ட்ரோக் ஒன்லி' வேண்டாம்; அது டைம்லைனில் தனிக் கோடாக நிற்காது.

தெற்கு ரதவீதி:
டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பிலும், எஃபெக்ட் செய்யும் ஃப்யூஷன் பக்கத்தில் பெயின்ட் நோடு உண்டு. மல்டிஸ்ட்ரோக்கை விட்டுவிட்டு 'ஸ்ட்ரோக்' எடுங்கள், அதில் 'ரைட் ஆன்' இருக்கிறது.

சேரன்மகாதேவி:
கல்யாண வீட்டில் பெயரை அழித்துக் காட்டாதே தம்பி, பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். இன்னொன்று, தறியில் பெயர் எழுத்து எழுத்தாக வராது. பாவு நூலுக்குக் குறுக்கே சாயக் கோரையைக் கோத்துக் கோத்து, வரி வரியாக ஏறும். அதையே காட்டேன். பெயர் நெய்த பாயைக் கீழ் லேயரிலும் வெறும் பாயை மேல் லேயரிலும் வை. மேல் லேயரை எரேசரால் 'லேயர் சோர்ஸ் அண்ட் பெயின்ட்', ரைட் ஆனில் இடமும் வலமுமாகத் தேய்த்துக்கொண்டே போ. ஹார்ட்னஸ் 100 வைத்தால் வரி விளிம்பு கூராக இருக்கும். டெக்ஸ்டும் வேண்டாம், மேட்டும் வேண்டாம். நெய்தவர் கைவேலையே திரையில் வரும்.

பேட்டை எடிட்டர்:
அண்ணாச்சி, இது அருமை! அழிக்கிற யோசனையை விட்டுவிட்டேன். ட்ரைபாடை அசைக்காமல், அதே வெளிச்சத்தில் இரண்டு பாயையும் மாற்றி விரித்து எடுத்துவிடுகிறேன். வரிக்கு வரி தனிக் கோடு போடவேண்டுமா?

சேரன்மகாதேவி:
வேண்டாம். கையை எடுக்காமல் ஒரே கோடாக வளைத்து வளைத்து இழு. அப்போது பாட்டுக்குத் தகுந்தபடி 'எண்ட்' கீஃப்ரேம் ஒன்றை நகர்த்தினால் முடிந்தது. பாயின் ஓரத்தைத் தாண்டி வெளியே போய்த் திரும்பு. இல்லாவிட்டால் இரண்டு ஓரத்திலும் மேல் லேயரின் வெறும் பாய் பல் பல்லாகத் தெரியும்.