வீட்டுல எடுக்கிற மாதிரியே ஒரு தடவை எடுத்துக் காட்டுங்க: இன்ஹேலர் அனுபவங்கள்

மருந்தாளுநர்:
"இன்ஹேலர் சரியா எடுக்கிறீங்களா?"ன்னு கேட்டா எல்லாருமே தலையாட்டுவாங்க. அதனால அப்படிக் கேட்கிறதையே விட்டுட்டேன். பையில இருக்கிறதை எடுத்து, வீட்டுல செய்ற மாதிரியே செய்யச் சொல்லிட்டுப் பேசாம நிப்பேன். நடுவுல திருத்தினா நம்ம முகத்தைப் பார்த்துப் பார்த்துச் செய்ய ஆரம்பிச்சிடுவாங்க.

ஒரு பெரியவர், ஸ்ப்ரே வகை. குலுக்கினார், வாயில வச்சு அழுத்தினார், எல்லாம் பக்கா. ஆனா மூச்சை இழுத்தது மூக்கு வழியா! மருந்து நாக்கோட நின்னுடுச்சு. இதுக்கு நடுவுல டோஸ் வேற கூட்டியிருந்தாங்க.

நெஞ்சகப் பிரிவு நர்ஸ்:
ரெண்டு வகையும் கையில வச்சிருக்கிறவங்க பாடுதான் திண்டாட்டம். ஸ்ப்ரேன்னா மெதுவா, ஆழமா இழுக்கணும். கருவிக்குள்ள கேப்ஸ்யூல் போட்டு, அதுல இருக்கிற பொடியை இழுக்கிற வகைன்னா வேகமா, பலமா இழுக்கணும். பொடியைக் கிளப்பி உள்ளே கொண்டு போறதே நம்ம இழுப்புதான். ஒரு அக்கா ரெண்டையும் மெதுவாவே இழுத்தாங்க. கருவியைத் திறந்து, கேப்ஸ்யூல்ல மிச்சம் கிடந்த பொடியைக் காட்டினேன். அவங்களே "அட, அதான் மூச்சு வாங்குதா!"ன்னாங்க. இன்னொருத்தர் கருவிக்குள்ளயே ஊதிட்டு அப்புறம் இழுப்பார். ஈரம் பட்டா பொடி கட்டிப் போயிடும். கேப்ஸ்யூலைத் தண்ணி ஊத்தி முழுங்கினவங்களும் உண்டு. சிரிக்காதீங்க, பார்க்க மாத்திரை மாதிரிதானே இருக்கு?

மருந்தாளுநர்:
நோயாளியை மட்டும் குத்தம் சொல்லவே முடியாது. 1975லிருந்து 2014 வரைக்கும் வந்த ஆய்வுகளைத் தொகுத்து 2016ல 'செஸ்ட்'ங்கிற மருத்துவ இதழ்ல ஒரு கட்டுரை வந்தது. சரியா எடுத்தவங்க சுமார் 31 சதவீதம்தான். அத்தனை வருஷத்துல முன்னேற்றமே இல்லை. சொல்லிக்கொடுக்கிற நம்ம ஆளுங்கள்லயே பலருக்குச் சரியா எடுக்கத் தெரியாது.

வீட்டில் பார்த்துக்கொள்பவர்:
எங்க அத்தைக்கு விரல்ல மூட்டுவலி. அழுத்துறதும் இழுக்கிறதும் ஒண்ணா வரல. ஸ்பேசர், அதாவது ஸ்ப்ரே முனையில மாட்டுற பிளாஸ்டிக் கூடு, வாங்கிக் கொடுத்தா (அழுத்தின மருந்து அதுக்குள்ள நிக்கும், அப்புறம் நிதானமா இழுத்துக்கலாம்), "சின்னப் பிள்ளைங்க சாமான் எனக்கெதுக்கு"ன்னு ஓரமா வச்சிட்டாங்க. ஓபியில அவங்க வயசு அம்மா ஒருத்தங்க ஸ்பேசரோட உட்கார்ந்திருந்ததைப் பார்த்த பிறகுதான் தொட்டாங்க. ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுத்துட்டு வாய் கொப்பளிக்காம நாக்கெல்லாம் வெள்ளை படிஞ்சிருந்தது. இப்ப அதுவும் சரியாயிட்டு வருது. ஒரு சந்தேகம்: ஸ்பேசரைக் கழுவிட்டுத் துணியால துடைக்கலாமா?

மருந்தாளுநர்:
துடைக்காதீங்கம்மா. பிளாஸ்டிக்கைத் தேய்ச்சா மின்னூட்டம் ஏறி, மருந்து உள்பக்கச் சுவர்லயே ஒட்டிக்கும். சோப்புத் தண்ணியில அலசி, அப்படியே காய விடுங்க. அடுத்த தடவை ஓபி வரும்போது ஸ்பேசரையும் இன்ஹேலரையும் கூடவே எடுத்துட்டு வாங்க, அத்தை இழுக்கிறதைப் பார்த்துடலாம்.