டிஎன்ஏ சுற்றிய காபன் நனோ குழாய்: வடிப்பது எது?

கேள்வி – கிளிநொச்சி மாணவன்
காபன் நனோ குழாயின்மேல் (காபன் அணுக்களாலான மிகநுண்ணிய குழாய்) டிஎன்ஏ இழையைச் சுற்றினால், ஒருவகைச் சுழற்சி (ஸ்பின்) கொண்ட இலத்திரன்கள் இலகுவாகக் கடக்க, மற்றவை தடைப்படுகின்றன என்று வாசித்தேன். காபன் பாரம் குறைந்த அணு. அதில் சுழற்சிக்கும் இயக்கத்துக்குமான பிணைப்பு மிகச் சிறியது. அப்படியாயின் காந்தமே இல்லாமல் இந்த வடிப்பு எவ்வாறு நிகழ்கிறது?

பதில் – முல்லைத்தீவு ஆசிரியர்
தம்பி, குழாய் பாதை மாத்திரமே. வடிப்பைத் தூண்டுவது இழையின் புரி, அதாவது அதன் திருகுச்சுருள் வடிவம். புரிவடிவ மின்புலத்தினூடாக ஓடும் இலத்திரன் தன் நிலையில் ஒரு காந்தப்புலத்தை உணர்கிறது. ஆகவே எந்தச் சுழற்சிக்கு வழி இலகு என்பதைப் புரி வலமா இடமா என்பதும் ஓட்டத்தின் திசையும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. சைக்கிளின் இடது மிதிகட்டையைக் கழற்றிப் பாருங்கள். அதன் மரை இடம்புரி. தலைகீழாகப் பிடித்தாலும் வலம்புரியாகாது. அதனால்தான் இழைகளின் எந்த முனை முன்னால் இருந்தாலும் அவற்றின் விளைவுகள் ஒன்றையொன்று அழிப்பதில்லை. நாமன், வால்டெக் ஆகிய ஆய்வாளர்களின் குழு 1999இல் இவ்விளைவை முதலில் அறிவித்தது. 2011இல் தங்கத்தின்மேல் நிறுத்திய ஈரிழை டிஎன்ஏ, அறை வெப்பநிலையிலேயே 60 சதவீதமளவு முனைவாக்கத்தை, அதாவது ஒருவகைச் சுழற்சி மற்றதைவிட மிகுந்திருப்பதைக் காட்டியது.

பதில் – வவுனியா வாசகர்
ஆசிரியரின் விளக்கம் திசைக்குப் பொருந்தும், அளவுக்குப் போதாது. வெறும் நனோ குழாயில் அந்தப் பிணைப்பு 2008இல் ஏறத்தாழ 0.37 மில்லி இலத்திரன்வோல்ற்று (அணுவளவிலான சக்தியின் அலகு) என அளக்கப்பட்டது. அறை வெப்பநிலையின் வெப்பச் சக்தியோ 25 மில்லி இலத்திரன்வோல்ற்று. இத்தனை சிறியதிலிருந்து அத்தனை பெரிய வடிப்பு எப்படி வருகிறது என்பதில் கோட்பாட்டாளர் இன்னும் ஒருமிக்கவில்லை. அளவீட்டிலும் ஒரு சிக்கல் உண்டு. குழாயின் ஒரு முனையில் நிக்கல் வைத்து, அதன் காந்தத் திசையைப் புரட்டி மின்தடையை ஒப்பிடுவது வழக்கம். ஆனால் இரண்டே முனைகள் கொண்ட சுற்றில், சிறிய மின்னழுத்தத்தில், காந்தத்தின் இரு திசைகளிலும் மின்தடை சமமாகவே இருக்க வேண்டும் என்பது ஒன்சாகரின் தொடர்பு எனும் பௌதிக விதி. எனவே ஆய்வுக் கட்டுரையில் முதலில் பார்க்க வேண்டியது, வேறுபாடு எந்த மின்னழுத்தத்தில் தொடங்குகிறது என்பதைத்தான்.

மாணவன்
நன்றி ஐயா. விளைவு இழையால்தான் வந்தது என்று எப்படி உறுதிப்படுத்துவது?

முல்லைத்தீவு ஆசிரியர்
அதன் ஆடிவிம்ப மூலக்கூறைச் சுற்றிப் பாருங்கள். விளைவின் குறி புரள வேண்டும், அதாவது முன்பு தடைப்பட்ட சுழற்சி இப்போது இலகுவாகக் கடக்க வேண்டும். இயற்கை டிஎன்ஏக்கு ஆடிவிம்பம் எளிதில் கிடைக்காது என்பதால், இதற்கு அமினோ அமிலச் சங்கிலிகளே வசதி. எதுவும் சுற்றாத குழாயையும் கூடவே அளக்க வேண்டும். பல நனோ குழாய்கள் தாமே வலம்புரி அல்லது இடம்புரி, வழக்கமான தூளில் இரண்டும் கலந்தே கிடக்கும்.