ஸ்விஃப்ட் டீசல்: காலையில் செயின் சத்தம், எஞ்சினை இறக்கணுமா?

மார்த்தாண்டம்காரன்:
அப்பா வாங்கின 2012 ஸ்விஃப்ட் விடிஐ, 1,40,000 கி.மீ. ஓடியிருக்கிறது. இரண்டு வாரமாகக் காலையில் முதல் ஸ்டார்ட்டில் கரகரவென்று ஒரு சத்தம், மூன்று விநாடி இருக்கும், அப்புறம் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடுகிறது. புகை இல்லை, பேச்சிப்பாறை ஏற்றத்தில் இழுவையும் குறையவில்லை. பக்கத்துப் பட்டறையில் பானட்டைக்கூடத் திறக்காமல், டைமிங் செயின் (பிஸ்டனும் வால்வும் ஒத்து ஓட வைக்கிற செயின்) போச்சு, எஞ்சினை இறக்கணும் என்கிறார்கள். இதில் பெல்ட் இல்லை, செயின், அதை மாற்றவே வேண்டாம் என்றுதானே சொல்வார்கள்?

தக்கலை டிரைவர்:
தம்பி, முதலில் ஆயில் அளவு பார்க்கிற டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்க. இதில் செயினை இழுத்துப் பிடிக்கிற டென்ஷனர் ஆயில் பிரஷரில்தான் வேலை செய்யும், ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் ஆயில் கீழே இறங்கிவிட்டால் பிரஷர் ஏறும் வரை செயின் தொளதொளவென்று கிடந்து அடிக்கும், நீங்க கேட்கிற சத்தம் பெரும்பாலும் அதுதான். ஆயில் மாற்றின பிறகும் சத்தம் நீண்டால் செயின் நீண்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம், அப்போது தள்ளிப்போடாதீங்க. செயின் சக்கரத்தில் பல் தாண்டினால் பிஸ்டன் வால்வில் இடிக்கும், செலவு எங்கேயோ போய்விடும். செயின், டென்ஷனர், செயினைத் தடத்தில் ஓட வைக்கிற கைடு எல்லாம் சேர்த்து கிட்டாக மாற்றணும், செயினை மட்டும் மாற்றித் தருகிறேன் என்பவரிடம் விடாதீங்க. எஞ்சினை முழுசா இறக்காமலே செய்கிறவர்கள் உண்டு.

டீசல் பைத்தியம், நாகர்கோவில்:
அண்ணாச்சி சொன்னதுதான் சரி. கூடவே ஒன்று, இது மாருதியின் சொந்த எஞ்சின் இல்லை மக்கா, ஃபியட்டின் 1.3 மல்டிஜெட். 1248 சிசி, நாலு சிலிண்டர், 16 வால்வு. மாருதியில் டிடிஐஎஸ், டாடா விஸ்டாவில் குவாட்ராஜெட் என்று பேர் மாறும், உள்ளே ஆள் ஒன்றுதான். அதனால் ஸ்விஃப்ட் மட்டும் பார்க்கிற ஆள்தான் வேணும் என்றில்லை, விஸ்டா, புன்டோ பார்த்த பழைய மெக்கானிக் கிடைத்தால் அவரிடமே காட்டலாம். உங்களுடையது 75 குதிரை, சாதா டர்போ. சியாஸ், எர்டிகாவில் வந்த 90 குதிரைக்கு மாறும் வடிவ டர்போ (விஜிடி). பாகம் வாங்கும்போது இதைச் சொல்லி வாங்குங்க. செவர்லே பீட் டீசல்கூட இதே குடும்பம், 1248-ல் ஒரு சிலிண்டரைக் கழித்தால் 936 சிசி, கணக்கு அப்படியே வரும்! 2020-ல் பிஎஸ்6 புகை விதி வந்ததும் மாருதி டீசலையே விட்டுவிட்டது, அதனால் நல்ல எஞ்சினை அவசரப்பட்டு விற்றுவிடாதீங்க.

மார்த்தாண்டம்காரன்:
பார்த்தேன் அண்ணாச்சி. ஆயில் கீழ்க்கோட்டுக்கும் கீழே, தார் மாதிரி இருக்கிறது. ஸ்டிக்கரைப் பார்த்தால் மாற்றி 16,000 கி.மீ. ஆகிறது. நாளைக்கு ஆயிலும் ஃபில்டரும் மாற்றிவிட்டு, மறுநாள் காலையில் ஸ்டார்ட் பண்ணிச் சொல்கிறேன். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.